நாலு ஏக்கர் வண்டி

என் தங்கை வீட்டுக்காரருடைய நாலு ஏக்கர் நிலத்தை வங்கி ஜப்தி செய்த கதையை ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். எல்லாம் காற்றுவாக்கில் வந்தவை. சரியான கதை என்னிடம்தான் இருக்கிறது, அதுவும் மூன்று நகல்களோடு. வங்கிக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். அந்த வங்கிக்குப் போகிற எந்தக் காகிதமும் என் கடையில் குட்டி போட்ட பிறகுதான் ரோட்டைக் கடக்கும்.

மாப்பிள்ளை பரம சாது. யாராவது அவர் காலை மிதித்துவிட்டால், "அடடா, என் கால் அங்கயா இருந்துச்சு?" என்று வருத்தப்படுகிற ரகம். கிணற்றை ஆழப்படுத்தி மோட்டார் வைக்க ஆறு லட்சம் கடன் வாங்கினார். முதல் வருஷம் மழை இல்லை. இரண்டாம் வருஷம் மழையைத் தவிர வேறொன்றும் இல்லை. மூன்றாம் வருஷம் எல்லாம் அளவோடு அமைந்து தக்காளி கொட்டோ கொட்டென்று கொட்டியது. அவருக்கு மட்டும் கொட்டியிருந்தால் பிழைத்திருப்பார். ஊருக்கே கொட்டியதால் பறிக்கிற கூலிகூடத் தேறவில்லை. நாலு தவணை நின்றுபோய், ஜப்தி நோட்டீஸ் வந்தது. என் தங்கை இரண்டு நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. அந்த நிலத்தை விட்டால் அவர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. ஜப்தி நாளன்று கடையைச் சாத்திவிட்டு நானும் போய் வரப்பில் நின்றுகொண்டேன்.

வங்கி மேலாளரும் மதிப்பீட்டாளரும் வந்தார்கள். மேலாளர் கனத்த மனிதர். கையில் காகிதம் இல்லாவிட்டால் அவருக்குப் பேச்சு வராது. மதிப்பீட்டாளர் ஒல்லி. கழுத்தில் அளவு நாடாவை மாலை மாதிரி போட்டிருப்பார். எந்தப் பொருளைக் காட்டி என்ன விலை பெறும் என்று கேட்டாலும், "எதுக்குக் கேக்கறீங்க?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் தொகையைச் சொல்வார். கடன் கொடுக்கும்போது அந்த நிலத்துக்கு எட்டு லட்சம் என்று எழுதியவர் அவர்தான். அன்றைக்கு அதே நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஜப்திக்குன்னா நாலு லட்சம்" என்றார்.

மேலாளர் படிவத்தை விரித்தார்.

"சொத்தோட நிறம்?"

மாப்பிள்ளை நிலத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். "செவப்பு சார். மழை பேஞ்சா கொஞ்சம் கறுக்கும்."

"சிவப்பு. சக்கரங்களின் எண்ணிக்கை?"

"சார்?"

"எத்தனை சக்கரம்னு கேக்கறேன்."

"சார், இது நிலம்."

"அது எங்களுக்குத் தெரியாதா? கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. எத்தனை சக்கரம்?"

"இல்லைங்க சார்."

"சக்கரம் இல்லை" என்று எழுதிக்கொண்ட மதிப்பீட்டாளர், ஓரத்தில் பொடி எழுத்தில் "கழற்றப்பட்டிருக்கலாம்" என்று ஒரு குறிப்பும் சேர்த்தார்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. எட்டிப் பார்த்தேன். படிவம் ஒன்பது, கைப்பற்றப்படும் வாகனங்களுக்கானது. எத்தனை ஆயிரம் நகல் எடுத்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? நிலத்துக்கான படிவம் பதினொன்று தீர்ந்துபோய் ஒரு வருஷமாகிறது. தலைமை அலுவலகம் இன்னும் அச்சடித்து அனுப்பவில்லை.

"சார், இது லாரிக்கான ஃபாரம் ஆச்சே" என்றேன்.

மேலாளர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, எங்க நிறுவனம் எழுபது வருஷமா நிக்குதுன்னா எதனால? ஃபாரத்துக்கு ஏத்த மாதிரி சொத்தைப் பாக்கறோம். சொத்துக்கு ஏத்த மாதிரி ஃபாரத்தை மாத்திக்கிட்டே இருந்தா அப்புறம் ஒழுங்குன்னு ஒண்ணு எங்க இருக்கும்?"

இன்ஜின் எண் என்ற இடத்தில் கிணற்று மோட்டாரின் எண்ணை எழுதினார்கள். உபரிச் சக்கரம் உண்டா என்ற கேள்விக்கு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தனியாகக் கிடக்கும் அரைக்கால் ஏக்கர் துண்டைக் காட்டினார் மதிப்பீட்டாளர். தயாரிப்பு ஆண்டு என்று வந்ததும் பேனா நின்றது.

"இது எந்த வருஷம் செஞ்சது?" என்று என் தங்கையைக் கேட்டார் மேலாளர்.

"நாங்க செய்யலீங்களே" என்றாள் அவள்.

மதிப்பீட்டாளர் கையோடு கொண்டுவந்திருந்த பத்திரக் கட்டைப் புரட்டி, எல்லாவற்றிலும் பழைய பத்திரத்தில் இருந்த வருஷத்தை எடுத்து எழுதினார். அது எண்பத்தாறு வருஷத்துக்கு முந்தியது. அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக மேலாளர் கையை நீட்டி, "சாவி" என்றார். மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தார். பிறகு மடியிலிருந்து மோட்டார் அறைச் சாவியை எடுத்துக் கொடுத்தார். கைப்பற்றியதைக் கிளை வளாகத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று விதி சொல்கிறதாம். கொஞ்ச நேரம் இருவரும் குசுகுசுவென்று பேசினார்கள். முடிவில் ஒரு பிளாஸ்டிக் வாளி நிறைய மண்ணை அள்ளி, அதன் கைப்பிடியில் ஒரு அட்டையைக் கட்டி, காரின் பின்சீட்டில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த வாளியை மேலாளர் அறையின் ஜன்னலோரம் வைத்தார்கள். என் கடையிலிருந்து பார்த்தால் தெரியும்.

அடுத்த வாரமே வங்கிக்கு ஒரு சிக்கல் வந்தது. கைப்பற்றிய வாகனத்தை ஏலம் விடும்வரை ஓடும் நிலையில் பராமரிக்க வேண்டும். அதற்கு அந்த வாகனத்தை ஓட்டிப் பழகிய ஓட்டுநர் ஒருவரைத் தினப்படிக்கு அமர்த்த வேண்டும். இந்த நிலத்தை ஓட்டிப் பழகியவர் யார்? ஊர் முழுக்க விசாரித்தார்கள். பதினாறு வருஷ அனுபவம் உள்ள ஒரே ஆள் மாப்பிள்ளைதான் என்று தெரியவந்தது. நியமன உத்தரவு, காக்கிச் சட்டை, தொப்பி எல்லாம் வந்து சேர்ந்தன. தினப்படி நானூறு. அதுபோக டயர் தேய்மானத்துக்கு என்று மாதம் இருநூறு.

"சார், நான் அதுல தக்காளி போடுறவன் சார், ஓட்டுறவன் இல்ல" என்று சொல்லிப் பார்த்தார் மாப்பிள்ளை.

"அடக்கம் நல்லதுதான். ஆனா கையெழுத்துப் போடுங்க" என்றார் மேலாளர்.

அன்று சாயங்காலம் காக்கித் தொப்பியோடு வரப்பில் நின்றவரை என் தங்கை ஏற இறங்கப் பார்த்தாள். "பதினாறு வருஷத்துல இந்த நிலம் இப்பதாங்க நமக்குச் சம்பளம் குடுக்குது" என்றாள். அவள் சிரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

ஓடும் நிலை என்றால் என்ன என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டதற்கு, "சொத்து எந்த வேலை செய்துகொண்டிருந்ததோ அதே வேலையைச் செய்ய வேண்டும்" என்று பதில் வந்தது. ஆக, வங்கி தக்காளி பயிரிட்டாக வேண்டும் என்று ஆயிற்று. மேலாளர் இதைக் கேட்டுச் சோர்ந்துபோவார் என்று நினைத்தேன். அவரோ உற்சாகமாகி, ஓட்டுநரை அழைத்து உட்காரவைத்து ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினார். காகிதங்களை நகலெடுத்துக் கொடுக்கப் போன நானும் கேட்க வேண்டியதாகிவிட்டது.

"விவசாயிங்க நஷ்டப்படறது ஏன் தெரியுமா? திட்டம் கிடையாது. கணக்கு கிடையாது. வானத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. நாங்க வானத்தைப் பாக்க மாட்டோம். எங்ககிட்ட திட்ட அறிக்கை இருக்கு."

"சரிங்க சார். நாத்து எப்ப நடலாம்?"

"மூணு பேர்கிட்ட விலைப்புள்ளி வாங்கணும். ஒப்பந்தப்புள்ளி திறக்கணும். ரெண்டு மாசம் ஆகும்."

"அதுக்குள்ள பருவம் போயிடுமே சார்."

"பருவத்துக்கு ஒரு கடிதம் போட்டுடலாம்" என்றார் அவர். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் வானிலை ஆய்வு நிலையத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதம் என் கடைக்கு வந்தது, மூன்று நகல்.

இரண்டாம் சனிக்கிழமையும் ஞாயிறும் நிலத்துக்குத் தண்ணீர் கிடையாது. அன்று வங்கி விடுமுறை. மற்ற நாட்களில் பத்து மணிக்கு மேல்தான் மோட்டார் போடலாம். இயக்கப் பதிவேட்டில் வண்டி ஓடிய தூரத்தை மாப்பிள்ளை தினமும் "இல்லை" என்று எழுதிவந்தார். இவ்வளவு செலவு செய்தும் வண்டி ஓரடிகூட நகரவில்லையே என்று தணிக்கையாளர் கேள்வி எழுப்பியதும், தான் வரப்பில் நடக்கிற தூரத்தை எழுத ஆரம்பித்தார். தணிக்கையாளருக்குத் திருப்தி.

ஆனாலும் என்ன, விடுமுறை நாட்களில் என் தங்கை குடத்தில் முகந்து ஊற்றினாள். சம்பளப் பட்டியலில் அவள் பெயர் இல்லாததால் அவளுக்கு விடுமுறையும் இல்லை. தக்காளி விளைந்தது. அந்தச் சமயம் சந்தையில் கிலோ மூன்று. திட்ட அறிக்கையில் கிலோ இருபத்தெட்டு என்று இருந்தது. மாப்பிள்ளை கடன் வாங்கியபோது தயாரித்த அதே அறிக்கைதான். அதை வைத்துத்தான் அவரால் தவணை கட்ட முடியும் என்று முடிவு கட்டியிருந்தார்கள். மேலாளர் அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு, கழுத்தில் டையோடு நேராகவே சந்தைக்குப் போனார்.

"இருபத்தெட்டு" என்றார் மண்டிக்காரரிடம்.

"மூணு" என்றார் மண்டிக்காரர்.

"இங்க பாருங்க, மூணாவது பக்கம். நிபுணர் கையெழுத்துப் போட்டிருக்கார்."

"அப்ப நிபுணரையே எடுத்துக்கச் சொல்லுங்க. வேணும்னா ஒண்ணு செய்யுங்க சார். அந்தப் புஸ்தகத்தையும் தராசுல வைங்க. பழைய பேப்பர் கிலோ பன்னெண்டு போகுது, தக்காளிய விட உங்களுக்கு அதுல லாபம்."

மேலாளர் திரும்பிப் பார்த்தார். பின்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை நின்றிருந்தார். அந்த மனிதருக்கு அப்போதாவது உறைத்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். "இதுல ஓட்டுநரோட கவனக்குறைவு இருக்கு" என்று குறிப்பு எழுதினார். அன்று முழுக்க எனக்கு அவர் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை. நகலுக்கு ஐம்பது காசு கூட்டி வாங்கினேன்.

வங்கி நஷ்டப்பட்ட தொகை மாப்பிள்ளை நஷ்டப்பட்டதைவிட இரண்டரை மடங்கு. ஆனால் வங்கிக்கு யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை. அதற்குப் பெயர் பராமரிப்புச் செலவாம். அதே கிலோ மூன்று, அதே நிலம். மாப்பிள்ளை நஷ்டப்பட்டபோது மட்டும் அது ஒழுக்கக்கேடாக இருந்தது.

இதற்கிடையில் ஜன்னலோர வாளியில் ஒரு தக்காளிச் செடி தானாக முளைத்திருந்தது. "சொத்தில் அனுமதியற்ற வளர்ச்சி" என்று மேலாளர் முதலில் ஒரு குறிப்பாணை எழுதினார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வங்கியின் பின்கதவைத் திறந்து, கூஜாவில் தண்ணீரோடு அவர் உள்ளே போவதைப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஊரைச் சுற்றிப் புதிய புறவழிச்சாலை வரப்போவதாக அறிவிப்பு வந்தது. மாப்பிள்ளையின் நிலத்திலிருந்து கல்லெறி தூரம். ராத்திரியோடு ராத்திரியாக நிலத்தின் விலை ஏறிவிட்டது. கறுப்புக் கண்ணாடி போட்ட மனை வியாபாரி ஒருவர் காரில் வந்து இறங்கி, ஜப்தி நிலத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். மதிப்பீட்டாளர் அவசரமாக நாடாவோடு போய், "விக்கிறதுக்குன்னா நாப்பது லட்சம்" என்று தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை எழுதினார். அந்த அறிக்கையும் நகலெடுக்க என் கடைக்குத்தான் வந்தது. ஏலம் விட்டால் நிலம் அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குத்தான். தங்கைக்கு என்ன பதில் சொல்வது?

ஆனால் நாலாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து மறுமொழி வந்தது. "தங்கள் கிளை கைப்பற்றிய சொத்துகளில் நிலம் எதுவும் இல்லை. பழைய வாகனம் ஒன்று மட்டுமே உள்ளது. இல்லாத நிலத்துக்கு மதிப்பீடு அனுப்பியது ஏன் என்று விளக்கம் தரவும்."

மாப்பிள்ளை அன்றே வங்கிக்குப் போனார். நானும் கூடப் போனேன். "சார், இது நிலந்தானுங்களே. தப்பா எழுதினதைத் திருத்திடலாமே" என்றார். தன் நிலம் நாற்பது லட்சத்துக்குப் போனால் தன் கதி என்ன என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தப்பு தப்புதான் என்கிற புத்தி. அவரை என்ன செய்வது?

மேலாளர் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். "திருத்தலாம். அதுக்கு வாகனத்தை நேர்ல கொண்டுவந்து காட்டணும். அப்புறம் தப்பு யாருதுன்னு விசாரணை வரும். எனக்கு அடுத்த மாசம் பதவி உயர்வு. தலைமை அலுவலகம் வண்டின்னு சொல்லிடுச்சு. சொன்னா அது வண்டிதான். நாளைக்கே அது தண்ணியில மிதக்குதுன்னு சொன்னா படகுன்னு எழுதிட்டுப் போவேன். உங்களுக்கென்ன?"

"நீங்க என்ன சார் சொல்றீங்க?" என்று மாப்பிள்ளை மதிப்பீட்டாளரைப் பார்த்தார்.

"எதுக்குக் கேக்கறீங்க?" என்றார் அவர்.

வண்டிகளுக்கு வருஷத்துக்குப் பத்து சதவீதம் தேய்மானம். பத்து வருஷத்தில் மதிப்புச் சுழியம். எண்பத்தாறு வருஷத்து வண்டி என்றால் பழைய இரும்பு விலைதான், எடைக்கு எடை. மதிப்பீட்டாளர் நிலத்தில் இருந்த இரும்பை எல்லாம் கூட்டினார்: மோட்டார், குழாய்கள், ஒரு மண்வெட்டி. நூற்றுப் பன்னிரண்டு கிலோ. ஏல அறிவிப்பு என் கடைக்கு நகலெடுக்க வந்தது. "பழைய வாகனம், சிவப்பு, சக்கரங்கள் இல்லை, ஓடும் நிலை, குறைந்தபட்சக் கேட்பு மூவாயிரத்து முந்நூற்று அறுபது."

முதல் நகலை வங்கிக்குக் கொடுத்தேன். இரண்டாவது நகலைத் தங்கையிடம் கொடுத்தேன். அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு உள்ளே போய்த் தன் வங்கிப் புத்தகத்தை எடுத்துவந்தாள். ஓட்டுநர் சம்பளத்தில் வீட்டுச் செலவு போக மிஞ்சியதை, டயர் தேய்மானப் படி உட்பட, அதே வங்கியில்தான் போட்டுவைத்திருந்தாள்.

"அண்ணா, ஏலத்துல பொம்பளைங்க கேக்கலாமா?"

கடன் வாங்கியவர் கேட்கக் கூடாது என்று விதி இருந்தது. கடன் வாங்கியவரின் மனைவியைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை. விதி எழுதியவர்கள் மனைவியைக் கேட்காமல் எழுதிவிட்டார்கள் போலும்.

ஏலம் வங்கியின் பின்வளாகத்தில், துருப்பிடித்த இரண்டு லாரிகளுக்கு நடுவே நடந்தது. வாளியை ஒரு முக்காலியில் வைத்திருந்தார்கள். செடியில் ஏழு பழம். கறுப்புக் கண்ணாடி மனை வியாபாரி காலையிலேயே வந்து, "நிலம் ஏலம் எங்க?" என்று கேட்டிருக்கிறார். "எங்ககிட்ட நிலமே இல்ல, வண்டிதான்" என்று கவுன்டரில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வந்திருந்தது பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர்தான்.

"மூவாயிரத்து ஐந்நூறு" என்றார் இரும்புக் கடைக்காரர்.

"நாலாயிரம்" என்றாள் தங்கை.

"நாலாயிரத்து ஐந்நூறு. மோட்டார்ல செம்புக் கம்பி இருக்கும்."

"அஞ்சாயிரம்."

மாப்பிள்ளை நெளிந்தார். அவர் வாயைத் திறப்பதைப் பார்த்தேன். "இல்ல சார், ஒரு விஷயம், இது வந்து நிலம்..." என்று ஆரம்பிப்பதற்குள் தங்கை அவர் காலை அழுத்தி மிதித்தாள். "அடடா" என்றார் மாப்பிள்ளை, வழக்கம்போலத் தன் காலைத்தான் நொந்துகொண்டார்.

இரும்புக் கடைக்காரர் விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். ஆறாயிரத்து இருநூறு வரை வந்தார். தங்கையின் புத்தகத்தில் மொத்தம் எட்டாயிரத்துச் சொச்சம்தான்.

"ஏழாயிரம்" என்றாள் அவள்.

"ஏம்மா, சக்கரமில்லாத வண்டிக்கு இவ்வளவா? உனக்கென்ன பைத்தியமா?" என்று சொல்லிவிட்டு அவர் லாரிகளைப் பார்க்கப் போய்விட்டார்.

மேலாளர் சுத்தியலால் மூன்று தடவை தட்டினார். பணத்தை வங்கிக் கவுன்டரில் எடுத்து, வங்கிக் கவுன்டரிலேயே கட்டினாள் தங்கை. ஏலம் போன பழைய வாகனத்தின் மீதிக் கடனை வராக்கடனில் சேர்த்துக் கணக்கை முடிக்க வேண்டும் என்பது விதி. முடித்தார்கள். முத்திரை விழுந்த சத்தம் என் கடைவரை கேட்டிருக்கும். பத்திரக் கட்டும் மோட்டார் அறைச் சாவியும் அவள் கைக்கு வந்தன. வாளியைக் கொடுக்கும்போது மட்டும் மேலாளர் கொஞ்சம் தயங்கினார். "தினம் அரைச் செம்பு போதும். ஜாஸ்தி ஊத்தினா இலை பழுக்குது" என்றார்.

வீட்டுக்குப் போகிற வழியில் மாப்பிள்ளை காக்கித் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தங்கை அழவில்லை. சாவியை மட்டும் கையை விட்டு இறக்கவே இல்லை.

பத்து நாள் கழித்து, பதவி உயர்வு பெற்ற மேலாளர் நிலத்துக்கே தேடி வந்தார். பின்னால் நாடாவோடு மதிப்பீட்டாளர். படிவம் பதினொன்று ஒருவழியாக அச்சாகி வந்துவிட்டதாம். மூன்று நகல் எடுத்துக்கொண்டு நானும் கூடப் போயிருந்தேன்.

"அம்மா, உங்க நிலத்தோட மதிப்பு இன்னைக்கு நாப்பத்தஞ்சு லட்சம்" என்றார் மேலாளர், ஒரு காகிதத்தைப் பார்த்து. "இதை வச்சுக்கிட்டு சும்மா இருக்கலாமா? எங்க வங்கி இருபது லட்சம்வரை கடன் தரத் தயாரா இருக்கு. கையெழுத்துப் போட்டா போதும்."

மாப்பிள்ளை பயந்துபோய் மோட்டார் அறைக்குப் பின்னால் ஒதுங்கினார். தங்கை முந்தானையிலிருந்து ஏல ரசீதை எடுத்து, நிதானமாகப் பிரித்து, அவர் முன்னால் நீட்டினாள்.

"நிலமா? எந்த நிலம் சார்? இது வண்டி. எண்பத்தாறு வருஷத்துப் பழைய வண்டி. சக்கரம்கூட இல்ல, நீங்களே எழுதியிருக்கீங்க. இதுக்குப் போய் யாராவது கடன் குடுப்பாங்களா?"

மேலாளர் ரசீதைப் பார்த்தார். வங்கியின் முத்திரை, அவருடைய கையெழுத்து, கீழே தேதி. கையில் எழுத்து வடிவில் இருப்பதை மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. மதிப்பீட்டாளர் பக்கம் திரும்பினார். மதிப்பீட்டாளர் நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

தங்கை மோட்டார் அறைக் கதவைத் திறந்தாள். அன்று இரண்டாம் சனிக்கிழமை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்றாள். "வண்டி கிளம்புது."

மேலாளர் அவசர அவசரமாக வரப்பை விட்டு இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, வழிவிட்டு நின்றார். மோட்டார் உறுமியது. தண்ணீர் வாய்க்காலில் விழுந்து அவர் செருப்பை நனைத்துக்கொண்டு தக்காளிப் பாத்திக்குள் போனது.